எல்ல மலைக்கு மலைக்கோட்டையில் ஒத்திகை

இலங்கைப் பயணத் திட்டத்தை என் கணவர் ஒரு பழைய டைரியில் எழுதி வைத்திருந்தார். திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானம். அங்கே ஒரு வாடகைக் கார். அதை அவரே ஓட்டுவார். தேயிலைத் தோட்டங்கள் வழியாக எல்ல என்ற மலையூருக்குப் போய், மறுநாள் காலை அங்குள்ள சின்ன மலை ஒன்றில் ஏறி இறங்க வேண்டும். மொத்தம் நாலு நாள். திருவெறும்பூரில் தொழிற்சாலை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், டீ குடிக்கும் நேரத்தைக்கூட விடாமல் குறித்திருந்தார். எட்டு மாதத்துக்கு முன்னால் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்ததை மட்டும் எங்கேயும் எழுதவில்லை.

டாக்டர், "தாராளமா போயிட்டு வாங்க. மூச்சு வாங்கினா நின்னு நின்னு ஏறுங்க" என்றுதான் சொன்னார். எனக்கு அந்தத் 'தாராளமா' காதில் ஏறவே இல்லை. இவர் நிற்கிற ஆள் இல்லையே. முதல் தடவை நெஞ்சு வலித்தபோது வாயுப்பிடிப்பு என்று சொல்லி அரை நாள் என்னை ஏமாற்றினார். அந்த அரை நாளை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பெங்களூரிலிருந்து மகள் போன் செய்தாள். "இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லும்மா, டிக்கெட் போட்டுடறேன்."

நான் ஒரு நிபந்தனை போட்டேன். மலைக்கோட்டையில் உச்சிப்பிள்ளையார் வரைக்கும் என் கண்முன்னால் ஏறிக் காட்ட வேண்டும்.

"இவ்வளவுதானா? கிளம்பு" என்று சிரித்தார்.

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் போனோம். செருப்பைக் கீழே விட்டுவிட்டு, மாணிக்க விநாயகரைக் கும்பிட்டு ஏறத் தொடங்கினோம். நான் ஒரு படி பின்னால். படிகளைப் பார்க்கவில்லை, அவர் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு போனேன். அவர் கை எத்தனை முறை கம்பியைத் தேடுகிறது என்று எண்ணிக்கொண்டே ஏறினேன்.

தாயுமானவர் சந்நிதியில் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் நின்றார். அம்மன் சந்நிதியிலும் அப்படியே. கல்யாணமான நாள் முதல், கோயிலுக்கு வந்தால் எனக்குப் பின்னால் நின்று கடிகாரம் பார்க்கிற மனுஷன்! ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததில் பக்தி வந்திருக்கலாம். மூச்சு வாங்கியும் இருக்கலாம். எப்படிக் கண்டுபிடிப்பது? அப்போதுதான் என் மடத்தனம் உறைத்தது. நாலு எட்டு வைத்தால் ஒரு சாமி இருக்கிற மலையில் கூட்டிவந்து மூச்சைச் சோதிக்கிறேன். கும்பிடுகிறவரிடம் ஏன் நின்றாய் என்று யார் கேட்பார்கள்?

இன்னும் மேலே, படிக்கட்டுத் திருப்பம் ஒன்றில் மறுபடியும் நின்றார். சுவர்ப்பக்கம் திரும்பிக் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார். எந்தச் சாமி என்று நானும் எட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. வெள்ளையடித்த வெறும் சுவர்.

அவர் காதோரம் வியர்வை இறங்கிக்கொண்டிருந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வலிக்குதாங்க? உண்மையைச் சொல்லுங்க."

கண்ணைத் திறக்காமலே தலையாட்டி மறுத்தார். "வலி இல்ல. மூச்சுதான்."

கோபம்தான் முதலில் வந்தது. இன்னும் எத்தனை நாள் என்னை ஏமாற்றுவார்? நாக்கு நுனி வரை வந்த வார்த்தையை அவருடைய கூப்பிய கைகள் நிறுத்தின. டாக்டர் நிற்கச் சொன்னார், இவர் நின்றிருக்கிறார். தன் மானம் போகாத வழி ஒன்றைத் தேடிப் பிடித்து நின்றிருக்கிறார். இத்தனை வருஷத்தில் மூச்சு வாங்குகிறது என்று அவர் என்னிடம் ஒப்புக்கொண்டதும் இதுதான் முதல் தடவை.

நானும் பக்கத்தில் நின்று அந்தச் சுவரைப் பார்த்துக் கைகூப்பினேன். பின்னால் ஏறி வந்த ஒரு அம்மா எங்களைப் பார்த்துவிட்டு, அவசரமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்.

உச்சியில் போய் உட்கார்ந்தபோது கீழே காவிரி தெரிந்தது. என் பயம் போகவில்லை. போகப் போவதும் இல்லை. மகளுக்குப் போன் செய்து டிக்கெட் போடச் சொன்னேன்.

பிறகு அவரிடம், "டைரியில மலையேறுற அன்னைக்கு ஒரு மணி நேரம் கூடப் போட்டு எழுதுங்க" என்றேன்.

"எதுக்கு?"

"வழி நெடுக சாமி இருக்காம்."

அவர் என் முகத்தைப் பார்க்காமல், "சரி, நின்னு கும்பிட்டுட்டே போவோம்" என்றார்.