பயம் அறியாத இருவாச்சி

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்து சென்னையிலிருந்து பலர் வெளியேறிய சமயம். கடத்தூரில் வாத்தியாராக இருந்த எனக்குப் பக்கத்து வீட்டில் அப்படி ஒருவர் தனியாகக் குடிவந்தார். ஒல்லியான உடம்பு, வெயிலில் கறுத்த முகம். தீவுகளில் செடிகொடிகளையும் பறவைகளையும் தேடித் திரிந்தவராம். யாரோடும் பேசமாட்டார். தினமும் காலையில் ஏரிக்கரை அத்திமரத்தடியில், உள்ளங்கையில் பழத்தை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார். ஒரு மைனாகூடக் கிட்டே வராது.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "எதுக்குங்க இப்படி உக்காந்திருக்கீங்க?"

"அந்தமானுக்குக் கிழக்கே மனுஷங்களே இல்லாத ஒரு தீவு இருக்கு சார். அங்க இருக்கிற இருவாச்சிப் பறவை உலகத்துல வேற எங்கயும் கிடையாது. அது என் கையிலேருந்தே பழம் தின்னுச்சு. இங்க எல்லாப் பறவைக்கும் மனுஷனைத் தெரிஞ்சிருக்கு" என்று சிரித்தார்.

சில நாட்களில் பத்திரிகையில் செய்தி வந்தது. அவரிடம் போய்ச் சொன்னேன். "அந்தமானை ஜப்பான்காரன் புடிச்சுட்டானாமுங்க."

சட்டென்று என் பக்கம் திரும்பினார். "பட்டாளம் அந்தத் தீவுக்கும் போகுமா?"

"போனா என்னங்க, சத்தம் கேட்டுப் பறவைங்க ஓடிராதுங்களா?"

"ஓடாது சார். துப்பாக்கி வச்சிருக்கிறவன்கிட்டயும் பழம் கேட்டு வரும்."

முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த மாதமே வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார். சண்டையும் ஒருவழியாக முடிந்தது. அந்தப் பறவைகள் பிழைத்தனவா என்று யாரிடம் கேட்பதென்றுதான் எனக்குத் தெரியவில்லை.