ஐந்து சென்டிமீட்டர் கட்டம்

என் அண்ணிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கத்தரிக்கோலைக் கையில் எடுத்துவிட்டால் மட்டும் அப்படியொரு நிதானம். வீட்டு முன்னறைதான் எங்கள் தையலறை. அவள் வெட்டுவாள், தைப்பாள். நான் ஓரம் மடிப்பேன், பொத்தானுக்குக் காஜா எடுப்பேன், நடுநடுவே அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்வேன். அண்ணன் எங்கள் இருவருக்கும் பயந்து பின்னறையில் பேப்பர் படிப்பார்.

வேறு ஊரில் ஒருவர், நாங்கள் அனுப்பும் அளவுகளுக்குப் பேட்டர்ன் வரைந்து தருவார். அதை வீட்டுப் பிரிண்டரில் பதினைந்து தாளாக எடுத்து ஒட்டினால், வெட்ட வேண்டிய வடிவம் முழுசாக வந்துவிடும். முதல் தாளின் மூலையில் ஐந்து சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு கட்டம் இருக்கும். அதன் மேல் டேப்பை வைத்து அளக்காமல் அண்ணி துணியைத் தொடமாட்டாள்.

அந்தச் சனிக்கிழமை மேஜை மேல் கிடந்தது கெமிஸ்ட்ரி டீச்சரின் லேப் கோட்டுக்கான துணி. பள்ளி லேப்பில் நடந்த விபத்தில் அவருடைய இடது தோளும் கையும் வெந்துபோயிருந்தன. ஏழு மாதம் கழித்து, திங்கட்கிழமை வேலைக்குத் திரும்ப வேண்டும். புதுத் தோலை உறுத்தாத துணி இது ஒன்றுதான், அதுவும் கடையில் கடைசியாக மிஞ்சிய துண்டு. கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்: "இந்தக் கோட்டு கைய மறைச்சு, இறுக்காம இருந்தா போவேன்க்கா. இல்லன்னா இந்த வருஷம் போகல."

அன்றைக்கென்று பார்த்துக் கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டது. இத்தனை நாளும் அதிலிருந்து ஒயர் வழியாகத்தான் பிரிண்ட் எடுத்தோம். "ஒயரே வேண்டாம், நான் போன்ல எடுக்கறேன்" என்று மார்தட்டியது நான்தான்.

பிரிண்டர் 'ஆஃப்லைன்' என்றது போன். அண்ணி அளவு நோட்டின் பின்பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டாள். தெரியாத வார்த்தை எதையும் அவள் சும்மா விடுவதில்லை.

"ஆஃப்லைன்னா கெட்டுப்போச்சா?"

"இல்ல அண்ணி. பிரிண்டர் நல்லாத்தான் இருக்கு. போன் கண்ணுக்குத்தான் தெரியல."

"உங்கண்ணன் மாதிரின்னு சொல்லு" என்றபடி எழுதிக்கொண்டாள்.

ரௌட்டரை அணைத்துப் போட்டேன், பாஸ்வேர்டை மூன்று முறை அடித்தேன், பிரிண்ட் பொத்தானை நாலு முறை குத்தினேன். இரண்டு மணி நேரம் போயிற்று. கடைசியில் பார்த்தால், என் போன் வீட்டு வைஃபையில் இல்லை. வருகிறவர்களுக்காகப் போட்டு வைத்த கெஸ்ட் நெட்வொர்க்கில் இருந்தது. அண்ணி எழுதினாள்: 'கெஸ்ட் நெட்வொர்க் - விருந்தாளிக்கு இன்டர்நெட் உண்டு, பிரிண்டர் கிடையாது.'

மாற்றியதும் பிரிண்டர் பேய் பிடித்ததுபோல் ஓடியது. நான் குத்திய நாலு முறையும் கியூவில் காத்திருந்திருக்கிறது. அறுபது தாள் வந்து விழுந்தது. பதினைந்தை அவசரமாக ஒட்டினேன்.

"கட்டத்த அளந்தியா?" கை கழுவிக்கொண்டே உள்ளிருந்து கேட்டாள்.

"அளந்துட்டேன்."

அளக்கவில்லை. தாள் வந்ததே பெரிய பாடு என்றிருந்தது. கூசாமல் பொய் சொன்னேன்.

அண்ணி வெட்டத் தொடங்கினாள். எப்போதும் சுலபமான பக்கத்தில்தான் ஆரம்பிப்பாள். அன்றைக்கு அது வலது கை. நான் மிச்சத் தாள்களை அடுக்கினேன். மேலே இருந்த தாளின் கட்டம் கண்ணில் பட்டது. மனசு கேட்காமல் டேப்பை வைத்தேன். நாலு புள்ளி ஏழு. தாளை நீவிவிட்டு மறுபடி வைத்தேன். அதே நாலு புள்ளி ஏழு.

போனை எடுத்துப் பார்த்தேன். 'ஃபிட் டு பேஜ்' என்பதில் டிக் இருந்தது. தாளின் ஓரத்துக்குள் அடக்குவதற்காக எல்லாவற்றையும் சுருக்கியிருக்கிறது. கம்ப்யூட்டரில் அண்ணி எப்போதோ 'ஆக்சுவல் சைஸ்', அதாவது உள்ளது உள்ளபடி, என்று மாற்றி வைத்திருந்தாள். அது போனுக்கு எப்படித் தெரியும்?

இந்த அளவில் தைத்தால் கை இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் இறுக்கும். அந்தத் தோளில். பழியைப் போன் மேல் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அதற்குள் வலது கையை வெட்டி முடித்து, அண்ணி இடது கைப் பக்கம் கத்தரியைத் திருப்பினாள்.

"அண்ணி, நிறுத்துங்க."

"என்ன?"

"நான் அளக்கல."

அவள் கத்தரியைக் கீழே வைத்தாள். கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. கட்டத்தைத் தானே அளந்து பார்த்தாள். வெட்டிய துணியை விரித்து, எவ்வளவு குறைகிறது என்று டேப்பை வைத்தாள்.

"வலது கைக்கு அக்குள்ல ஒட்டு வைக்கணும். அது நல்ல கை, தையல் பட்டாலும் தாங்கும். போ, சரியா எடுத்துட்டு வா. நான் அளக்கறேன்."

ஞாயிறு மாலை டீச்சர் வந்தார். இடது கையை நுழைக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். நுழைந்ததும் மெல்ல மூச்சு விட்டார். தோளை அசைத்துப் பார்த்தார். வலிக்கவில்லை. பிறகு வலது கையைத் தூக்கினார், அக்குளில் ஒட்டுத் துண்டு விரலில் தட்டியது.

"இது என்னக்கா?"

"துணி கொஞ்சம் பத்தல" என்றாள் அண்ணி. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று அவள் சொன்ன பொய் அது.

"அப்படியில்ல டீச்சர். நான் அளக்காமலே அளந்துட்டேன்னு சொல்லிட்டேன். ஒரு கை வெட்டின பிறகுதான் ஒத்துக்கிட்டேன்."

டீச்சர் அந்த ஒட்டைத் தடவிக்கொண்டே நின்றார்.

"அன்னிக்கு லேப்ல என்னையும் கேட்டாங்க, பாட்டில் லேபிளப் பாத்தீங்களான்னு. பாக்காமலே பாத்துட்டேன்னு சொன்னேன்" என்றார். "இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல."

அவர் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டு முடித்தார்.

"அந்தத் தப்பான கட்டம் இருக்கிற தாள் ஒண்ணு கொடுங்க. நாளைக்கு முதல் பீரியட் எனக்கு லேப், பிள்ளைங்களுக்குக் காட்டணும்."

நான் ஒரு தாளை எடுத்துக் கொடுத்தேன். மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.