ஆணிப்பட்டியும் திறந்த கையும்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து ஏற்றும் லொறியைப் பழைய இரும்புக்குப் போட முடிவான மாதத்தில்தான் பொலிஸார் பயிற்சிக்கு இடம் கேட்டு வந்தார்கள். தோட்டத்தை நிர்வகிக்கும் துரை லொறியைக் கொடுத்தார். அதன் மூன்றாம் கியர் என்னைத் தவிர வேறு யார் சொல்லையும் கேட்காது என்பதால் என்னையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. லொறியிடமும் கேட்கவில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஓப்பநாயக்க ஊருக்கு மேலே, தொழிற்சாலைக்குக் கீழே கொஞ்சத் தூரம் நேராக ஓடும் தோட்டப் பாதைதான் பயிற்சிக்களம். பொலிஸாரைப் பழக்க வந்தவர் ஒரு சிங்கள இன்ஸ்பெக்டர். அதிகம் பேசாத மனிதர். தப்பியோடும் வாகனத்தைச் சுடாமல், மோதாமல் நிறுத்துகிற சாமான் என்று ஒன்றைக் காட்டினார். கடைகளில் இருக்கும் மடக்குக் கதவு போல மடிந்திருந்தது. வீசினால் பாதையின் குறுக்கே விரிந்து படுக்கும். உடம்பெல்லாம் விரல் நீள ஆணிகள். ஒரு முனையில் நீளக் கயிறு. ஆணிப்பட்டி என்று நான் பெயர் வைத்தேன்.

வீசுகிறவர் பாதையோர மதகுச் சுவருக்குப் பின்னால் மறைந்திருக்க வேண்டும். பட்டியை வீசிவிட்டு உடனே சுவருக்குப் பின்னால் போய்விட வேண்டும். வண்டி ஏறிப் போனதும் கயிற்றை இழுத்துப் பட்டியை ஓரமாக்க வேண்டும், இல்லாவிட்டால் துரத்தி வரும் பொலிஸ் ஜீப்பும் பஞ்சராகும். வளைவில் போடக்கூடாது, மோட்டார் சைக்கிளுக்குப் போடவே கூடாது. எல்லாவற்றையும் விட, கயிற்றைக் கையில் சுற்றக்கூடாது. திறந்த உள்ளங்கையில் கிடக்க வேண்டும். பட்டி சக்கரத்தில் சிக்கினால் கயிற்றை விட்டுவிட வேண்டும். இதை அவர் மூன்று தடவை சொன்னார். எனக்குச் சொன்னது ஒன்றுதான்: நாற்பதில் வா, என்ன நடந்தாலும் பிரேக்கைத் தொடாதே.

டயர் வெடிக்கும், லொறி பாதையோரக் கானுக்குள் போகும், நான் ஆஸ்பத்திரிக்குப் போவேன் என்று காலையிலேயே வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தேன். எங்கே போனாலும் சோற்று டப்பாவைத் தொலைத்துவிடாதே என்று சொல்லி அனுப்பினாள் மனைவி.

முதல் ஓட்டத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு பட்டியின் மேல் ஏறினேன். வெடிக்கவில்லை. கீழே தடதடவென்று ஒரு சத்தம், பிறகு மெல்லிய சீறல். ஸ்டீயரிங் கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்தது. படுக்க இடம் பார்க்கும் எருமை போல லொறி மெதுவாகத் தாழ்ந்து, தானாக நின்றது. இறங்கிப் பார்த்தேன். ஆணிகள் பட்டியிலிருந்து கழன்று டயரிலேயே நின்றன. உள்ளே துளையுள்ள குழாய் ஆணிகள். அந்தத் துளை வழியாகத்தான் காற்று நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தது. விரலை வைத்தேன், குளிர்ந்தது. முப்பது வருடம் டயரோடு மல்லுக்கட்டியவன் நான். ஆணி என்றாலே திட்டித்தான் பழக்கம். ஓட்டுகிறவனுக்கு ஒரு கீறல் விழாமல், இத்தனை பெரிய வண்டியை ஆணியால் உட்காரவைக்க முடியுமா? எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. யோசித்துச் செய்தவனைக் கையெடுத்துக் கும்பிடலாம் என்று தோன்றியது.

டயர் மாற்றி மாற்றி ஓடினோம். நாலாவதாக ஒரு பெண் கான்ஸ்டபிள் வந்தார். காலையிலிருந்து எல்லாரோடும் சிங்களத்தில் சரளமாகப் பேசிக்கொண்டிருந்தவர். சட்டென்று வீசினார், பட்டி அழகாக விரிந்து விழுந்தது. சுவருக்குப் பின்னால் போய்க் கயிற்றை எடுத்தார். நான் மூன்றாம் கியரில் வந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் சுவருக்கு மேலே தெரிந்த அவர் மணிக்கட்டு உள்பக்கமாக இரண்டு தடவை சுழன்றது.

அந்தத் தூரத்தில் விரல்கள் தெரியவில்லை. ஆனால் அந்தச் சுழற்சி தெரியும். தோட்டத்து லய வீடுகளில் மாடு வளர்க்கிறவர்கள் கயிறு பிடிக்கிற பிடி அது. என் இடது கையில் மோதிர விரலின் மேல்பாதி கிடையாது. சின்ன வயதில் நானும் அப்படித்தான் காளைக் கயிற்றைச் சுற்றிப் பிடித்திருந்தேன். அது மிரண்டு ஓடியபோது கயிற்றோடு விரலும் போய்விட்டது.

என்ன நடந்தாலும் தொடாதே என்ற பிரேக்கை மிதித்தேன். அது எப்போதுமே அரை மனதோடுதான் பிடிக்கும். போதாதென்று பட்டது, ஸ்டீயரிங்கை மேட்டுப் பக்கம் ஒடித்தேன். லொறி தேயிலைக்குள் மூக்கை நுழைத்து நின்றது. மேல் மலையில் கொழுந்து எடுத்த பெண்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். இன்ஸ்பெக்டர் முகம் சிவக்க ஓடி வந்தார்.

"மாத்தையா, என்னைய அப்பறமா ஏசுங்க. அவங்க கையப் பாருங்க" என்றேன்.

எல்லாரும் பார்த்தார்கள். அந்தப் பெண்ணும் தன் கையைப் பார்த்தார். கயிறு இரண்டு சுற்று இறுக்கமாக இருந்தது. சுற்றியதே அவருக்குத் தெரியவில்லை என்று முகம் சொன்னது.

இன்ஸ்பெக்டர் ஏசவில்லை. ஒரு வாழைத்தண்டை வெட்டி வரச்சொல்லி, சுவருக்குப் பின்னால் முட்டுக்கொடுத்து நிறுத்தினார். கயிற்றை அதில் இரண்டு சுற்றுச் சுற்றச் சொன்னார், அந்தப் பெண்ணையே. பட்டியின் மறுமுனையைப் பின்சக்கரத்தில் மாட்டினார். சிக்கினால் என்ன ஆகும் என்று பாருங்கள் என்றார். நான் லொறியை எடுத்தேன். கண்ணாடியில் தண்டு இருந்தது, அடுத்த நொடி இல்லை. கானில் கிடந்ததை எடுத்து வந்தார்கள். கயிறு சுற்றிய இடத்தில் நடுத்தண்டு வரை அறுந்து தண்ணீர் வடிந்தது. கயிற்றுக்குள் இவ்வளவு பலம் ஒளிந்திருப்பது கையில் பிடித்திருப்பவனுக்குத் தெரிவதேயில்லை.

டயர் மாற்றும்போது அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து நின்றார். அன்றைக்கு முதல் தடவையாகத் தமிழ் பேசினார். சொந்த ஊர் தெஹியோவிட்டப் பக்கத்து ரப்பர் தோட்டமாம்.

"எங்க வீட்லயும் மாடு இருந்துச்சிங்க. கை தன்னால சுத்திக்கிச்சி, எனக்கே தெரியல. இன்னொரு தடவையும் சுத்திருவேனோன்னு பயமா இருக்குங்க."

நான் இடது கையை நீட்டிக் காட்டினேன். அரை விரலை வெகுநேரம் பார்த்தார்.

"நான் லொறிய எடுக்கறதுக்கு முன்ன கைய விரிச்சி எனக்குக் காட்டுங்க. அதப் பாத்தாத்தான் நான் கியரப் போடுவேன்" என்றேன்.

இன்ஸ்பெக்டர் அவரிடம், வேண்டாமென்றால் இன்று விடலாம் என்றார். அவர் தலையாட்டி மறுத்துவிட்டு, பட்டியை வீசிச் சுவருக்குப் பின்னால் போனார். ஒரு கை மேலே எழுந்தது. விரித்த உள்ளங்கையின் குறுக்கே கயிறு சும்மா கிடந்தது. கியரைப் போட்டேன்.

இந்தத் தடவை யாரும் எதையும் மாட்டவில்லை. ஆனாலும் பட்டி பின்சக்கரத்தில் நிஜமாகவே சிக்கிக்கொண்டது. லொறிக்கு அடியில் இரும்பு அலறியது, கயிறு சாட்டையாகச் சுழன்று பாதையை அடித்துக்கொண்டே பின்னால் வந்தது. அதன் முனையில் என்ன வருகிறது என்று பார்க்கத் தைரியம் வரவில்லை. லொறி தாழ்ந்து நின்ற பிறகுதான் கண்ணாடியைப் பார்த்தேன்.

கயிற்று முனையில் ஒன்றுமில்லை. கொஞ்சம் பின்னால், மதகுச் சுவருக்கு மேலே அந்தக் கை இன்னும் உயர்ந்தே இருந்தது. எனக்குக் காட்டுவதற்காக விரல்களை அகல விரித்திருந்தார். ஐந்தும் இருந்தன. நான் ஜன்னல் வழியாக என் நாலரை விரல்களைக் காட்டினேன்.