திதிலியா அனுப்பிய தட்டு

திதிலியா கிழங்கு வேகவைக்கும் பானையில் ஒரு கன்றுக்குட்டி இறங்கி, சாவகாசமாகக் குளித்துவிட்டு வரலாம். எங்கள் தீவில் சிங்காதோகா ஆற்றோரத்தில் இருக்கும் எங்கள் ஊர் ரக்பி அணிக்கு அவள்தான் சமையல். மணல்மேட்டில் ஓடிவிட்டு நாக்குத் தள்ளி வரும் ஆட்டக்காரர்களுக்கு அவளிடம் ஒரே சட்டம். தட்டில் குவித்த மரவள்ளிக்கிழங்குக்குப் பின்னால் ஆளின் முகம் தெரியக் கூடாது. தெரிந்தால் இன்னும் இரண்டு துண்டு விழும்.

"அக்கா, இதைத் தின்னுட்டு எப்படி ஓடுறது?" என்பான் அணியில் புதுசாகச் சேர்ந்த பையன்.

"உன்னை யாருடா ஓடச் சொன்னா? நீ மேல விழுந்தா கீழ கெடக்கிறவன் ஞாயித்துக்கெழம பூசைக்குத்தான் எந்திரிக்கணும்."

அவளுடைய சமையலுக்கு நடமாடும் சாட்சி தம்பி சாகியாசி. எட்டு எட்டுப் பேராகத் தலை கொடுத்துத் தள்ளும் ஸ்க்ரமில் அவன் முன்வரிசை. அவனைத் தள்ளப் பார்த்த எதிரணி, ஏதோ மாதாகோவில் சுவரில் முட்டிக்கொண்டோம் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டதாக ஊரில் சொல்வார்கள். அந்தச் சுவரை எழுப்பியவள் அக்காள்தான். அம்மா சாகும்போது அவன் தவழ்ந்துகொண்டிருந்தான். திதிலியாவைக் கட்டியவனோ நியூசிலாந்துக்குப் பழம் பறிக்கப் போனவன், அங்கே ஒரு குடும்பத்தையும் சேர்த்துப் பறித்துக்கொண்டான். அவளுக்கு மிஞ்சியது தம்பி மட்டும்.

ஆனால் அவனிடம் அவள் பேசிப் பல வருடம் ஆயிற்று. சண்டை ஒன்றும் இல்லை. வளர்ந்த அக்காளும் தம்பியும் எங்கள் ஊரில் முகம் பார்த்துப் பேச மாட்டார்கள், ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிடவும் மாட்டார்கள். அதுதான் மரியாதை. சொல்ல வேண்டியது எதுவானாலும் அவன் பெண்டாட்டி லொசேனா வழியாகத்தான் போகும். அதனால் திதிலியா சொல்ல நினைத்ததையெல்லாம் தட்டில் வைத்து அனுப்பினாள். தேங்காய்ப்பாலில் மீன், டின் மாட்டிறைச்சி, வாழையிலையில் சர்க்கரைப் பாகு சொட்டும் வக்கலோலோ என்ற கிழங்குப் பலகாரம். தட்டு காலியாகத் திரும்பி வந்தால் தம்பி சுகமாக இருக்கிறான் என்று அவளுக்கு அர்த்தம்.

அந்த வருடம் சாகியாசியை மாகாண அணியில் எடுத்தார்கள். ஊரே கவா வேரை இடித்துக் கரைத்துக் குடித்துக் கவிழ்ந்தது. மாகாண அணி என்றால் சும்மாவா? அங்கே சாப்பாட்டுக்கென்றே படித்த ஒருத்தி இருந்தாள், கெலேரா. எல்லோருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தவள் சாகியாசியைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"சர்க்கரை எக்கச்சக்கமா இருக்குண்ணே. பயப்படாதீங்க, இதோட ஆடுறவங்க இருக்காங்க. மாத்திரை விடக் கூடாது. கிழங்கு ஒரு கைப்பிடி, கீரையும் மீனும் வயிறு ரொம்ப. இனிப்பு கண்ணுலயே படக் கூடாது. முதல் மேட்சுக்குள்ள இறக்கிட்டா ஆடலாம். இல்லேன்னா இடமும் போகும், காலும் போகும்."

வார நாளில் மாகாண அணியின் முகாமில் தங்கி, அவன் கெலேரா சொன்னபடியே தின்றான். சர்க்கரை இறங்கியது. வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்தால் அக்காளின் தட்டு காத்திருந்தது.

"மதினிகிட்ட விஷயத்தைச் சொல்லிடறேன்," என்றாள் லொசேனா.

"வேண்டாம். தன் சோத்தாலதான் வந்துச்சுன்னு நெனச்சு செத்தே போயிடுவா."

"அப்ப நாய்க்குப் போடறேன்."

"எங்கக்கா கை சோறு அது," என்று அவன் தட்டை இழுத்துக்கொண்டான். அக்காள் தந்ததில் மிச்சம் வைத்தால், அவளே வேண்டாம் என்பதாகிவிடும். பாகு வரைக்கும் வழித்துத் தின்றான்.

லொசேனா ஒரே ஒரு முறை வாய் திறந்து பார்த்தாள்.

"மதினி, மாகாண டீம்ல அவரைக் கம்மியா சாப்பிடச் சொல்லியிருக்காங்க."

"யாரு, அங்க சாப்பாட்டுக்குன்னு வச்சிருக்காங்களே, அந்த விளக்குமாத்துக் குச்சியா? காத்தடிச்சா அவளைக் கயிறு கட்டித்தான் நிறுத்தணும். அவ என் தம்பிக்குச் சோறு அளக்கிறாளா? ஏற்கெனவே பாதியா எளைச்சு வந்திருக்கான். ஊர்ல என்னைத்தான கேப்பாங்க."

லொசேனா மீதியை விழுங்கிவிட்டாள். அடுத்த வாரம் தட்டு இன்னும் உயர்ந்து வந்தது.

கெலேரா தலையைப் பிய்த்துக்கொண்டாள். "வெள்ளிக்கெழம இறங்குது, திங்கக்கெழம ஏறுது. வீட்டுல யாருண்ணே சமைக்கிறது?" சாகியாசி குனிந்து பூட்ஸ் கயிற்றை இறுக்கினான்.

முதல் மேட்சுக்குச் சற்று முன்னால் புது பூட்ஸ் அவன் குதிகாலைக் கடித்தது. அவனுக்கு வலிக்கவில்லை. பாதம் எப்போதோ மரத்துப்போயிருந்தது. அதே பூட்ஸோடு முகாமில் தினமும் ஓடினான். வீட்டுக்கு வந்தவனின் காலுறையை லொசேனா இழுத்தபோது தோலும் கூடவே வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் அழுகிய காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

திதிலியா பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள். மடியில் வாழையிலைப் பொட்டலம். வராந்தாவில் லொசேனா அவள் கையைப் பிடித்து உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். சர்க்கரை, கெலேரா, ஒரு கைப்பிடிக் கிழங்கு, வாராவாரம் வழித்துத் தின்ற தட்டு. திதிலியா பொட்டலத்தைக் குப்பைத் தொட்டிக்குள் மெதுவாக வைத்தாள், தூங்குகிற பிள்ளையைப் பாயில் கிடத்துவதுபோல.

உள்ளே போய் அவன் கட்டிலுக்கு முதுகு காட்டித் தரையில் உட்கார்ந்தாள். கையை நீட்டினால் அவனைத் தொடலாம். லொசேனா நடுவில் நின்றாள்.

"லொசேனா, அவன்கிட்ட கேளு. சாப்பிட முடியலைன்னா திருப்பி அனுப்ப வேண்டியதுதானே?"

லொசேனா கேட்டாள்.

"அக்காகிட்ட சொல்லு," என்றான் சாகியாசி. "எதைத் திருப்பி அனுப்புறது? அவ பேசுறது அது ஒண்ணுதான்."

லொசேனா திரும்பினாள். உதடு கோணிக்கொண்டது. முந்தானை போல் தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டாள்.

திதிலியாவுக்கு அவன் சொன்னது நன்றாகவே கேட்டிருந்தது. ஆனாலும் லொசேனா வந்து சொன்னால்தானே அது அவளுக்குச் சொன்னதாகும். அவள் தலை குனிந்து காத்திருந்தாள். அவள் பதிலுக்காகக் கூரையைப் பார்த்தபடி அவனும் காத்திருந்தான்.