எனக்குக் கிடைக்காத பிணையாளர்

1. வங்கி

யுத்தம் முடிந்து சில வருடங்கள் கழிந்திருந்தன. நான் இலங்கையின் மேற்குக் கரையில், கற்பிட்டியில் ஒரு நாளிதழின் பிரதேச நிருபர். பிரசுரமாகும் செய்திக்கு அங்குலக் கணக்கில் கொடுப்பனவு, பிரசுரமாகாததற்கு ஒன்றுமில்லை. போட்டிப் பத்திரிகைக்கு எழுதியவன் ஃபர்ஹான். அவனுடைய மோட்டார் சைக்கிளில்தான் இருவரும் செய்திக்குப் போவோம். பெட்ரோல் ஆளுக்குப் பாதி. திரும்பியதும் யார் முதலில் அனுப்புவது என்று ஓடுவோம்.

இருவரும் பல்கலைக்கழகத்துக்குப் போகாமல் பரீட்சை எழுதிய வெளிவாரிப் பட்டதாரிகள். இதழியலில் முதுமாணிப் பட்டம் இல்லாமல் பத்திரிகையின் ஆசிரியபீடத்துக்குள் நுழைய முடியாது என்பது இருவருக்கும் தெரியும். சென்னையில் ஒரு தனியார் கல்லூரி: ஒரு வருடம், முழுநேரம், பெரிய பெயர், பெரிய கட்டணம். கொழும்பில் வார இறுதி வகுப்பு: சிறிய கட்டணம், ஆனால் இழுபடும். சென்னையில் இருவருக்கும் இடம் கிடைத்தது.

"கொழும்புல படிச்சா சேர்ட்டிபிகட் கிடைக்கும் மச்சான். சென்னைல படிச்சா தொழில் கிடைக்கும்" என்றான் ஃபர்ஹான்.

"கடன்?"

"கடனில்லாத மனிசன் ஆரு ஈக்கிறான் இந்த ஊர்ல?"

கல்விக் கடனுக்கு அரசாங்கச் சம்பளம் எடுக்கும் இரண்டு பிணையாளர்களை வங்கி கேட்டது. எங்கள் கரையில் வள்ளங்கள் அதிகம், அரசாங்கச் சம்பளம் குறைவு. இருந்த சிலரும் யாருடைய முச்சக்கர வண்டிக்கோ வீட்டுக்கோ ஏற்கெனவே கையெழுத்து வைத்திருந்தார்கள். ஒரு சம்பளத்துக்கு ஓரளவுக்கு மேல் பிணையை வங்கி ஏற்காது. அரசாங்க மருத்துவிச்சியான என் மாமி சம்மதித்தார். இரண்டாவது ஆளாக, எங்கள் இருவருக்கும் படிப்பித்த பள்ளிக்கூட அதிபரை நினைத்திருந்தேன். பரீட்சை வேலை முடியட்டும் என்று மரியாதைக்காக ஒரு கிழமை பொறுத்தேன். ஃபர்ஹான் பொறுக்கவில்லை.

"போன திங்கள்தான் ஃபர்ஹானுக்குக் கையெழுத்து வெச்சன் மகன்" என்றார் அதிபர். "இனி என்ட சம்பளத்துக்கு பேங்க் ஏத்துக்கொள்ளாது."

பட்டப் பரீட்சையில் அவனுடைய புள்ளிகள் என்னுடையதைவிடக் குறைவு. அதையே சொல்லிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

2. வாடி

கரையில் மீன் வாங்கி விற்கும் வாடியின் முதலாளிக்கு விஷயம் எட்டியிருந்தது. என் அப்பாவின் வள்ளத்துக்கு இஞ்சின் எடுக்க முற்பணம் கொடுத்தவர் அவர். அதற்கு எழுத்தில் எதுவும் இல்லை. கடன் தீரும்வரை பிடிக்கும் மீனெல்லாம் அவர் தராசுக்கே வர வேண்டும், விலையை அவர் சொல்வார்.

"பிணையும் வேணாம், ஒண்டும் வேணாம் தம்பி. சென்னைக்கு நான் அனுப்பிறன்" என்றார்.

"வட்டி?"

சிரித்தார். "உன்னட்ட வட்டி எடுத்தா மாதா மன்னிக்கமாட்டா. படிச்சிட்டு வந்து ஆறுதலாத் தா. கரையில ஏதும் கதை வந்தா மட்டும், பேப்பருக்கு முதல் எனக்கு போன்ல ஒரு கோல் எடு. அவ்வளவுதான்."

கடலோடு சேர்ந்த களப்பில் தடைசெய்யப்பட்ட வலைகள் போடப்படுவதைப் பற்றி நான் அப்போது எழுதிக்கொண்டிருந்தேன். வலைகள் அவருடையவை.

அப்படியிருந்தும் சம்மதிக்கும் எண்ணத்தோடுதான் வீட்டுக்கு வந்தேன். படிப்பு இரண்டாம் பட்சம். ஃபர்ஹான் ஏறும் விமானத்தில் நானும் ஏற வேண்டும், அவ்வளவுதான்.

அப்பா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. "இஞ்சின் கடன் எப்ப முடிஞ்சது தெரியுமா?"

"எப்ப?"

"முடியேல்ல. முடிக்க விடமாட்டான். முடிஞ்சா மீன் வேற தராசுக்குப் போயிடுமே. நீயும் வாங்கு. ரெண்டு பேருமாச் சேந்து அவனுக்கு மீன் போடுவம்."

மறுநாள் முதலாளியிடம் போய், வேண்டாம் என்றேன்.

"பெரிய மனிசன்தான் போ" என்று சொல்லிவிட்டு அவர் மீன் நிறுக்கத் திரும்பிக்கொண்டார்.

வலைச் செய்தி படத்தோடு வெளிவந்தது. அந்தக் கிழமை அப்பாவின் மீனுக்கு விலை இறங்கியது.

3. வேன்

ஃபர்ஹான் புறப்பட்ட நாளில் அவன் குடும்பமே வேனில் ஏறியது. புதிய சூட்கேஸ், அடியில் நாலு சில்லு, பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றவில்லை. மோட்டார் சைக்கிள் சாவியை என் கையில் வைத்தான்.

"நீ ஓட்டு மச்சான். அடுத்த வருஷம் வந்துரு, என்ன?"

"ஓம்" என்றேன். அவனுடைய அந்த நல்ல குணமும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

நான் கொழும்பு வார இறுதி வகுப்பில் சேர்ந்தேன். பஸ்ஸில் கைத்தொலைபேசியைத் திறந்தால் அவன் படங்கள் வரும். நூலகம், ஒலிப்பதிவுக்கூடம், பிரபல பத்திரிகை ஆசிரியர் ஒருவரின் தோளருகே அவன். ஒவ்வொரு படத்திலும் ஒரு குறை தேடினேன். அவன் எழுத்தும் நன்றாகிக்கொண்டே வந்தது. படிப்பு முடிந்து வேலை கிடைத்து, கடனைக் கட்டி முடித்தான். நான் ஆசைப்பட்ட ஆசிரியபீடத்தில் இன்று அவன் இருக்கிறான்.

மேற்படிப்புக்கு எங்கே போகலாம் என்று இளம் நிருபர்கள் என்னிடம் கேட்கிறார்கள். கட்டணத்தைப் பிறகு பாருங்கள். கடன் தருபவர் அந்தக் கடன் முடிய வேண்டும் என்று விரும்புகிறாரா என்பதை முதலில் பாருங்கள். வங்கி விரும்பும். பிணை கிடைத்தால் வங்கியிடம் வாங்கிக்கொண்டு நல்ல கல்லூரிக்கே போங்கள். கொழும்பு வகுப்பும் அதே அளவுக்கு நல்லதுதான் என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு வாய் வராது.