சுத்தக்காரியின் ஸ்கூட்டர்

எட்டாம் நம்பர் ஸ்பேனரைக் கடைசி போல்ட்டில் மாட்டி, என் தங்கை தன் முழு எடையையும் அதன்மேல் சாய்த்தாள். அது அசையவில்லை. ஏற்கெனவே கழற்றிய போல்ட்டுகள் பக்கத்தில் ஒரு மருந்துத் தட்டில், எந்தத் துளையிலிருந்து வந்ததோ அந்த வரிசையிலேயே படுத்திருந்தன. மாடிப்படிக்குக் கீழே இடம் குறுகல். ஒவ்வொரு முறை நிமிரும்போதும் அவள் தலை படியில் இடித்தது. இடித்த ஒவ்வொரு முறையும் வண்டியைத்தான் திட்டினாள்.

அவளைக் குடும்பத்தில் எல்லோரும் சுத்தக்காரி என்றுதான் சொல்வோம். அவள் வீட்டில் காபி குடிக்கிறவர்கள் டம்ளரைக் கீழே வைக்க மாட்டார்கள். வைத்தால் அது கழுவப் போய்விடும், பாதிக் காபியோடு. படுத்த படுக்கையாய் இருப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. நானும் அதே பயிற்சி எடுத்து அதே வேலை பார்த்தவள்தான். இப்போது முழங்கால் விடுவதில்லை, வேலையை விட்டுவிட்டு அவள் வீட்டு மாடியில் இருக்கிறேன்.

இப்போது அவள் பார்த்துக்கொள்வது ஒரு கணக்கு வாத்தியாரை. இடுப்புக்குக் கீழே அசைவு கிடையாது, நாக்கு மட்டும் நன்றாக வேலை செய்யும். அவள் போய்ச் சேர்ந்தபோது அவர் முதுகின் அடியில் எலுமிச்சம்பழம் உள்ளே போகிற அளவுக்குப் புண். கழுவி, உலர்த்தி, நேரத்துக்குத் திருப்பிப் படுக்கவைத்து, அதை மெல்லிய இளஞ்சிவப்புத் தோலாக மூடிவைத்திருந்தாள். அந்தத் தோலுக்கு இன்னும் பலமில்லை. ஒரு நாள் கவனிக்காமல் விட்டால் பிய்ந்துவிடும்.

அதற்குத்தான் இடைஞ்சலாய் வந்தது ஸ்கூட்டர். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது காய்ச்சல்காரன் மாதிரி உதறியது, கிறீச்சிட்டது. வாத்தியார் வீடு ஒரு மேட்டின்மேல் இருக்கிறது. அந்த மேட்டில் வண்டி மக்கர் செய்து, அவள் இரண்டு தடவை தாமதமாகப் போனாள். வேலைக்கு அனுப்பும் அம்மாள் கறாராகச் சொல்லிவிட்டார்: இனி காலை ஆறு மணிக்கு இரவு ஆள் கிளம்பும்போது நீ அங்கே இல்லையென்றால், வேறு பெண்ணை வைத்துவிடுவேன். அந்த வேறு பெண் யாரென்று என் தங்கைக்குத் தெரியும். போனைத் திருப்புகிற அளவுக்கு நோயாளியைத் திருப்பாதவள்.

எதிர்த் தெரு மெக்கானிக் வண்டியின் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு, உள்ளே பெல்ட் தேய்ந்த தூசி அடைத்திருக்கும், மூடியைக் கழற்றித் துடைத்தால் சரியாகிவிடும் என்றான். நாளைக்குக் கொண்டுவாருங்கள் என்றும் சொன்னான். அந்த நாளை வரவே இல்லை. துடைக்கிற வேலைதானே, அதற்கு இவன் எதற்கு என்று இவளே உட்கார்ந்துவிட்டாள்.

கடைசி போல்ட் ஒருவழியாக விட்டது. மூடி வந்தது. உள்ளே, அடுப்புக்குள் தலையை விட்டது போல ஒரே கறுப்பு. முன்னால் ஒரு சக்கரம், பின்னால் ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி ரப்பர் பெல்ட். எல்லாவற்றின்மேலும் மை போல வழவழப்பான தூசி. கையுறை, முகமூடி எல்லாம் போட்டுக்கொண்டாள். அவள் கணவர் தையல்காரர், கழுத்தில் அளவு டேப்போடு வேடிக்கை பார்க்க வந்தவர், உதவி செய்வதாக நினைத்து உஃபென்று ஊதினார். தூசி முழுக்க அவர் சட்டையிலும் அவள் கண்ணிலும். அவரைத் தோளைப் பிடித்துத் திருப்பி வெளியே விட்டாள்.

பழைய பல் பிரஷ், ஈரத் துணி, காய்ந்த துணி, இடுக்குகளுக்குப் பஞ்சு சுற்றிய குச்சி. குழந்தையின் காது மடலைத் துடைப்பது போலத் துடைத்தாள். நான் அடுப்பைப் பார்க்க மேலே போய்விட்டுத் திரும்புவதற்குள் மூடியைப் பூட்டிவிட்டிருந்தாள். இனிமேல் கிறீச் சத்தமே வராது என்றாள்.

வரவில்லைதான். ஸ்டார்ட் செய்து முறுக்கினாள். இன்ஜின் ஊரைக் கூட்டியது. வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. இன்னும் முறுக்கினாள். கிழவி நடையில் கொஞ்சம் நகர்ந்து, வாசலைத் தாண்டாமல் நின்றுவிட்டது.

"சத்தத்துல குறை ஒண்ணும் இல்லை," என்றார் தையல்காரர். "கூட வண்டியும் கிளம்பணும்னு அதுகிட்ட சொன்னியா?"

அவள் ஸ்பேனரை வீசினாள். அது சாக்கடையில் விழுந்தது. அவளே குச்சிவிட்டு எடுத்தாள், சோப்புப் போட்டுக் கழுவினாள், மறுபடி உட்கார்ந்து எல்லாப் போல்ட்டையும் கழற்றினாள்.

கடையைப் பூட்ட வந்த மெக்கானிக் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தான். விரலால் சக்கரத்தைத் தொட்டு, தேய்த்து, முகர்ந்தான்.

"என்னத்தத் தடவினீங்கக்கா?"

"புண்ணு வராம இருக்கத் தடவுற களிம்புதான். காஞ்சு போய் உரசிக்கிட்டு கிடந்துச்சு."

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "பெல்ட் சக்கரத்துல உரசணும்க்கா. உரசினாத்தான் வண்டியே ஓடும்."

எங்கள் தொழிலில் இருந்தவர்கள் யாராயிருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள். கழுவு, உலர்த்து, உரசுகிற இடத்தில் களிம்பு பூசு. கை அதைத் தலையைக் கேட்டுச் செய்வதில்லை.

இரும்புச் சக்கரங்களைத் துடைக்க அவன் பெயிண்ட் கரைக்கிற தின்னர் கொடுத்தான். பெல்ட்டைப் பாத்திர சோப்பில் கழுவி உலர்த்தச் சொன்னான். ஆனாலும் ரப்பர் களிம்பைக் கொஞ்சம் குடித்திருக்கும், சமதரையில் ஓடும், மேட்டில் ஏறும் என்று நான் சொல்ல மாட்டேன், புது பெல்ட் போடுவதுதான் வழி என்றான். பெல்ட் விற்கிற கடை திறப்பதோ வெயில் ஏறிய பிறகு. அவன் வண்டி கியர் வண்டி, இவளுக்கு வராது. தையல்காரருக்குச் சைக்கிளைத் தவிர எதுவும் ஓட்ட வராது. முதல் பஸ்ஸே ஆறு மணிக்குத்தான்.

மறுபடி துடைத்தாள். பெல்ட்டைக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நகக்கண்ணெல்லாம் கறுப்பு.

"அழுக்கோடயே விட்டிருந்தா உதறிக்கிட்டாவது ஏறியிருக்கும், இல்லக்கா?"

"ஏறியிருக்கும்."

"நீயாவது ஒரு பொய் சொல்லக் கூடாதா?"

பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. மருந்துப் பையை எடுத்து, களிம்பு டப்பாவை அதில் போட்டுக் கொடுத்தேன். காலையில் வேண்டியிருக்கும்.

மறுநாள் இருட்டு பிரியும் முன்பே வண்டியை எடுத்தாள். தையல்காரர் பின்னால் ஏறி உட்கார்ந்தார். எதற்கு என்றாள். தள்ளுவதற்கு என்றார். சமதரையில் ஓடியது. மேட்டின் அடியில் இன்ஜின் கத்தியது, சக்கரம் மறுத்தது. அவரை இறக்கிவிட்டாள். அவர் வண்டியைத் தள்ளட்டும் என்று விட்டுவிட்டு, பையை மட்டும் தூக்கிக்கொண்டு மேட்டில் ஓட்டமும் நடையுமாக ஏறினாள். மணி சரியாக ஆறு, இரவு ஆள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள்.

கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் கறுப்பு போகவில்லை. கையுறை போட்டுக்கொண்டாள்.

"என்ன, கரி மூட்டை தூக்கப் போனியா?" என்றாராம் வாத்தியார்.

அவள் அவரை இடப்பக்கம் திருப்பினாள். துணியை விலக்கிப் பார்த்தாள். தோல் அப்படியே இருந்தது. கழுவினாள், உலர்த்தினாள், களிம்பு தடவினாள். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது தையல்காரர் மூச்சிரைக்க வண்டியை வாசல்வரை கொண்டுவந்திருந்தார். மேலே ஏற்ற வேண்டியதே இல்லை, அடியிலேயே விட்டிருக்கலாம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. வண்டியைத் திருப்பி, திட்டிக்கொண்டே, பெல்ட் கடையை நோக்கி இறக்கத்தில் உருட்டிக்கொண்டு போனார்.