முதுகுத் துணி

காராமணி வடை எண்ணெயில் வேகும்போது சாமியே வந்து கூப்பிட்டாலும் அசாபி நிமிரமாட்டாள். கொசுறு கேட்டால் மட்டும் நிமிர்வாள், இல்லை என்று சொல்வதற்காக. இபாதான் நகரத்தில் எங்கள் தெருமுனைதான் அவள் கடை. வீடு எங்கள் காம்பவுண்டிலேயே, என் அறைக்கு எதிர் அறை.

போன வருடம் வரை, புதிதாக வருகிறவர்கள் அவள் வயிற்றைப் பார்த்துவிட்டு எத்தனை மாதம் என்று கேட்பார்கள். உள்ளே இருந்தது பிள்ளை இல்லை. கருப்பையில் வளர்ந்த கட்டிகள். "இதுக்கு மாசக்கணக்கு கெடையாது, வருசக்கணக்குதான். ரொட்டியோட வேணுமா, வடை மட்டும் போதுமா?" என்பாள்.

எங்கள் ஊரில் பிள்ளை பெற்றவளை இன்னாரின் அம்மா என்று பிள்ளை பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். கல்யாணமாகி எட்டு வருடமாகியும் மாமியாருக்கு அசாபி 'புதுப்பொண்ணு'தான். கெட்டவள் இல்லை அந்த மாமியார். ஆனால் அந்த ஒரு வார்த்தையில் ஊசி வைத்திருந்தாள். கட்டி கரையும் என்று ஜெபக்கூடத்துத் தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்தாள். அசாபி மறுக்காமல் குடித்தாள். குடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

கட்டிகளை எடுத்தால் பிள்ளை தங்க வாய்ப்பு உண்டு, ரத்தம் நிற்காவிட்டால் கருப்பையையே எடுக்க நேரிடும் என்றார் டாக்டர். வயிற்றைக் கிழித்தவளுக்குப் பிள்ளை ஏது என்று மாமியார் அழுதாள். அசாபியின் கணவன் கயோதே போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தான். அசாபி கையெழுத்துப் போட்டுவிட்டு டாக்டரிடம், "எடுத்தத மொதல்ல எங்க மாமியார் கண்ணுல காட்டுங்க. நான் அப்புறமா பாத்துக்கறேன்" என்றாளாம்.

காட்டினார்கள். பேசினில் கிடந்த கட்டிகளைப் பார்த்துவிட்டு மாமியார், "பை?" என்று மட்டும் கேட்டாள். உள்ளேயே இருக்கிறது என்றாள் நர்ஸ். கிழவி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அசாபி பெட்டியைத் திறந்தாள். பிள்ளையை முதுகில் கட்டிக்கொள்ள, கல்யாணத்தில் அவள் தாய் கொடுத்த நீளத் துணி அதில் மடிப்புக் கலையாமல் கிடந்தது. அதை எடுத்து, வெட்டிய வயிற்றுக்குத் தாங்கலாகச் சுற்றிக்கொண்டாள். மாமியாருக்குப் பொறுக்கவில்லை.

"புள்ளைய கட்டுற துணியப் போய் புண்ணுல கட்டுறியே, புதுப்பொண்ணே."

"சும்மாதான கெடந்துச்சும்மா. அதுவும் கொஞ்சம் வேல செய்யட்டும்."

கருப்பைக் காயம் ஆற அரை வருடமாவது ஆகும், அதுவரை கர்ப்பம் கூடாது என்பது டாக்டர் கட்டளை. இன்னும் விசேஷம் இல்லையா என்று மாமியார் இரண்டாம் மாதமே ஆரம்பித்துவிட்டாள். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் ஒருநாள் கேட்டேன். கொசுறு கேட்டவளைப் பார்ப்பதுபோல அசாபி என்னைப் பார்த்தாள். துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அடுப்புக்குப் போய்விட்டாள். அந்தப் பிடிவாதத்தைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது.

போன வாரம் டாக்டரிடம் போய், இனி தடையில்லை என்று கேட்டுக்கொண்டு வந்தாள். வந்ததும் துணியை அவிழ்த்துத் துவைத்தாள். மாமியாரின் நாற்காலிக்கு நேர் எதிரே கொடியில் விரித்துப் போட்டாள். காய்ந்ததும் முகத்தருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். எண்ணெய் வாடை போகவில்லை. திரும்பவும் வாளியில் போட்டு, சோப்பைத் தேய்க்க ஆரம்பித்தாள்.